கேழ்வரகு வாங்கிய பை

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேரும் சிரித்ததை நான் பார்த்தேன். வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்துக் கடையில், கம்புச் சாக்குக்குள் மூக்கை விட்டு முகர்ந்து கொண்டிருந்தேன். ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பில் கிள்ளினாள். பில் போடும் பெண், "ஆன்ட்டி, எல்லாம் புது ஸ்டாக்குதான்" என்றாள். அதற்கும் சிரித்தீர்கள். திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள், "இவளுக்கு எதப் பாத்தாலும் பயம்" என்று ஒரு குரல். யார் என்று எழுத மாட்டேன். எனக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது, அது தெரிந்தால் போதும்.

அன்று சாயங்காலமே நம் தெருப் பெண்களின் போன் குழுவில் ஒரு பட்டியல் வந்தது. வாரா வாரம் வாங்க வேண்டிய சத்தான பொருள்களாம். கேழ்வரகு, பச்சைப்பயறு, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, நாட்டுமுட்டை. கீழே கை கூப்பும் படம் வேறு. ஏதோ நீங்களே கண்டுபிடித்த மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா இதே பட்டியலை வாரா வாரம் சந்தையில் வாங்கினாள். ஒரு வருஷம் மாசி மாதம் தொடங்கி சித்திரைக்குள் அதில் இருந்த ஒவ்வொன்றையும் தன் கையாலேயே ஒழித்தும் கட்டினாள். அதைத்தான் சொல்லப் போகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஏன் ஐந்தோடு நின்றேன் என்பதும் இதற்குள் வரும்.

அப்போது நாங்கள் கவரைப்பேட்டையில் ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கம் குடியிருந்தோம். கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து கொண்டிருந்த காலம். நைனாவுக்கு அதில் ஒரு சின்னக் கம்பெனியில் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பெயிண்ட்டில் கலக்கிற மஞ்சள் பொடி செய்யும் இடம். இப்போது அந்தக் கம்பெனி இல்லை. அந்த இடத்தில் லாரி நிற்கிறது.

நைனா வேலை விட்டு சைக்கிளில் வரும்போது புருவம், காது மடல், நகக்கண் எல்லாம் மஞ்சளாக இருக்கும். டீக்கடையில் இருப்பவர்கள் விட மாட்டார்கள்.

"இன்னா மாப்ள, நலங்கு வச்சிக்கினு வர்றியா?"

நைனா சிரித்துக்கொண்டே போவார். அவருக்கு அது பெருமைதான். மாதச் சம்பளக்காரன் என்று ஊருக்கே தெரிகிற மாதிரி உடம்பில் பூசிக்கொண்டு வருகிறார் அல்லவா. அம்மாவுக்கும் குறை இல்லை. கரி பிடித்துக்கொண்டு வருகிற புருஷன்களைக் கட்டியவள்களுக்கு நடுவில், தன் வீட்டுக்காரர் மங்களகரமாக வருகிறார் என்று நினைத்தாள். மஞ்சள் என்றால் நல்லது. எங்கள் தெருவில் யாருக்கும் அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

அந்தப் பொங்கலுக்குக் கம்பெனியில் ஆளுக்கு இரண்டு காலிச் சாக்கு கொடுத்தார்கள். கெட்டியான நைலான் சாக்கு. ஒன்றை, நெல் கொட்டி வைக்கலாம் என்று சொல்லி அம்மா அக்கம்பக்கத்துக்கு விற்றுவிட்டாள். இன்னொன்றை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து டெய்லரிடம் கொடுத்துச் சந்தைப் பையாகத் தைத்தாள். அகலமான கைப்பிடி, அடியில் இரட்டைத் தையல். தைத்து வந்ததும் அடிபம்பில் வைத்து அலசினோம். மூன்று தண்ணீர் மஞ்சளாகப் போயிற்று. நாலாவது தண்ணீர் தெளிந்தது. தையல் ஓரத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே நின்றது.

"பையிக்கு மஞ்ச வச்சா மாதிரி கீது. இருக்கட்டும்" என்றாள் அம்மா.

பையின் ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுத்து. நான் ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். சேர்த்துச் சொல்லவும் தெரிந்தது. அர்த்தம் மட்டும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் சீமைப் பை என்று சொல்லி வைத்தேன். மற்றவர்கள் பனையோலைக் கூடையும் பழைய வேட்டித் துணிப் பையும் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வர, நான் மட்டும் அதை வீசிக்கொண்டு நடந்தேன். என் தம்பிக்கு அப்போது நாலு வயது. போகும்போது காலிப் பைக்குள் அவனை உட்கார வைத்து, கைப்பிடியை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு நடப்பேன். கைப்பிடியை வாயில் கடித்துக்கொண்டே வருவான். வரும்போது பைக்குள் கையை விட்டு வேர்க்கடலையை எடுத்து எடுத்துத் தின்பான். ஓட்டை அவன் தின்றுவிட்டுப் பருப்பைக் கீழே போடுவான் என்று நான் கிண்டல் பண்ணுவேன். 

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். என் அத்தை. நைனாவுக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு ஊத்துக்கோட்டையில் இருந்த கூரைவீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்கும் அம்மாவுக்கும் பேச்சு இல்லை. இரண்டு பேரும் ஒரே அடுப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னை நடுவில் வைத்துப் பேசுவார்கள்.

"ஏ பொண்ணு, உங்கம்மாவ கேளு. கம்பெனிக்காரன் ஊட்டுல கூழு எதுக்கு காச்சறாளாம்? மாட்டுக்கு வைக்கறாளா?"

"உங்கத்தைக்குச் சொல்லு. மாடு கூழு குடிக்காது. ரஸ்க்கு தின்னுட்டு படுத்துக்கினு கீற மாடு இந்த ஊட்டுல ஒண்ணுதான் கீது."

நான் இரண்டையும் திருப்பிச் சொல்ல வேண்டியதே இல்லை. இரண்டு பேருக்கும் நேராகவே கேட்கும். ஆனாலும் நான் அங்கே நிற்க வேண்டும். எழுந்து போனால் இரண்டு பேரிடமும் அடி.

மாசி மாதம் தம்பிக்கு வயிற்றுவலி வந்தது. சுருண்டு படுத்துக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து விளையாடுவான். மறுபடி சுருண்டு கொள்வான். வெளிக்கே போக மாட்டான். முகம் வெளுத்துப் போயிற்று. காரணமே இல்லாமல் என்னைக் கடிப்பான். கம்பவுண்டர் பூச்சிமருந்து கொடுத்தார். பூச்சியும் வரவில்லை, வலியும் போகவில்லை.

அத்தை முதலில் வேர்க்கடலையைப் பிடித்தாள். பித்தம் என்றாள். அம்மா வாய்க்குள் திட்டிக்கொண்டே அந்த ஞாயிற்றுக்கிழமை வேர்க்கடலை வாங்கவில்லை. வலி நிற்கவில்லை. அடுத்த வாரம் முட்டை. அது சூடாம். வைக்கோலில் சுற்றி முட்டை கொண்டுவரும் கிழவரிடம், வேண்டாம் என்று சொல்லி வரும்படி அம்மா என்னைத்தான் அனுப்பினாள். அதற்கடுத்த வாரம் பச்சைப்பயறு, அது வாயு. பிறகு முருங்கைக்கீரை, செரிக்காதாம். பக்கத்து வீட்டில் சும்மா கிடைத்த கீரையைக்கூட அம்மா திருப்பிக் கொடுத்தாள். அந்த வீட்டுக்காரி அதோடு எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

பை வாரா வாரம் இலேசாகிக் கொண்டே வந்தது. உள்ளே வெள்ளை அரிசியும் ரஸ்க் பொட்டலமும் சர்க்கரையும் மட்டும்தான். பிள்ளைக்கு சர்க்கரைத் தண்ணீரில் ரஸ்க்கை நனைத்துக் கொடுத்தாள் அத்தை. அவன் அதைச் சாப்பிட்டான், அதுவும் அவள் ஜெயித்த மாதிரி ஆயிற்று. பள்ளிக்கூடம் போகாமல் தம்பியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொன்னார்கள். பரீட்சைக்கு மட்டும் போகலாம் என்றார்கள். பரீட்சைக்கும் போகவில்லை.

பங்குனி வெயிலில் மண் தரை சுட்டது. நைலான் பை குளுகுளுவென்று இருக்கும். அதை விரித்துப் போட்டால்தான் தம்பி அழாமல் தூங்கினான். கன்னத்தை அந்த மஞ்சள் தையல் மேல் வைத்துக்கொண்டு, எச்சில் ஒழுக ஒழுகத் தூங்கினான். விரித்துப் போட்டது நான். யாரும் சொல்லித் தரவில்லை, எனக்கே தோன்றிய யோசனை. கெட்டிக்காரி என்று அம்மா மெச்சினாள். அந்த நான்கு மாதத்தில் அம்மா என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

கடைசியாக மிஞ்சியது கேழ்வரகு. அம்மா அதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருந்தாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் சாப்பிட்டு வளர்ந்தது அது. ஒருநாள் தம்பி குடித்த கூழை அப்படியே வாந்தி எடுத்தான். அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை விட்டுவிட்டு நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எந்தம்பிக்கு ஒரே ஆம்பளப் புள்ள. அதையும் சாவடிச்சிட்டு அப்பால கூழு குடி."

அம்மா எழுந்தாள். மிச்சம் இருந்த கேழ்வரகைப் பையில் கொட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தாள். அத்தையிடம் காட்ட முடியாத கோபத்தைக் காட்ட ஓர் ஆள் வேண்டும் அல்லவா.

கேழ்வரகு விற்கிறவள் ஆந்திர எல்லைக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் வருவாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. அம்மா அவள் முன்னால் பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"இன்னாத்த கலந்து விக்கற நீ? எம்புள்ள செத்துப் பொழைக்குது."

சந்தையே திரும்பிப் பார்த்தது. அவள் கத்தவில்லை. குனிந்து, மண்ணில் கிடந்ததில் ஒரு பிடி அள்ளி, ஊதி, தன் வாயில் போட்டுக்கொண்டு மென்றாள். மென்றுகொண்டே சொன்னாள்.

"எம்பேரப்புள்ளைங்களுக்கும் இதான். இன்னும் ஒரு புடி துன்னட்டா, நிக்கறயா பாக்கறதுக்கு? எங்கிட்ட கொறை இல்லம்மா. நீ கொண்டாற பைய பாரு. எப்பவும் இதுல அளந்து போட்டுட்டு நான் கைய கழுவிக்கறேன், கண்டுக்கினியா? இரும்பத் தேச்சா மாதிரி ஒரு நாத்தம். டப்பு எவ்ளோ குடுத்தாலும் இனிமே இதுல கொட்ட மாட்டேன்."

அம்மாவின் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பிள்ளையை அவள் மறந்தே போய்விட்டாள். "எங்க ஊட்டுக்காரரு கம்பெனிப் பைடி இது. உன்னாட்டம் பஸ்ஸுல தரையில குந்திக்கினு வர்றவளுக்கு இன்னா தெரியும்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் சொன்னது அவமானமாகத்தான் எங்கள் காதில் விழுந்தது. நானும் அவளைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன். வழியெல்லாம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

கேழ்வரகும் நின்றது. தம்பி எழுந்து நடப்பதும் நின்றது.

சித்திரை பிறந்த இரண்டாம் நாள் சண்டை முற்றியது. எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று, உன் ரஸ்க்குதான் இரண்டு மாதமாக உள்ளே போகிறது, வலி எங்கே போயிற்று என்று அம்மா கேட்டாள்.   அத்தை கொடியில் கிடந்த தன் புடவைகளை எடுத்தாள்.

"அக்கா, இப்ப இன்னாத்துக்கு பேஜாரு பண்ற" என்றார் நைனா. அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அத்தையிடம் பெட்டி இல்லை. ஆணியில் தொங்கிய பையை எடுத்துத் துணியைத் திணித்தாள்.

"அத வை கீழ" என்றாள் அம்மா.

"எந்தம்பி வேர்வ சிந்தி வாங்குன பை. உங்கப்பன் ஊட்டு சீரா இது? எனக்கில்லாத பாத்தியத இன்னா?"

நான் ஓடிப்போய்க் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினேன். அத்தை என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே போய், அவள் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்குக் கீழே நின்று, "பைத்திருடி, பைத்திருடி" என்று பஸ் நகரும் வரை கத்தினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை. பை மடியில் இருந்தது. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பரணிலிருந்து பனையோலைக் கூடையை இறக்கித் தூசி தட்டினாள். அத்தை எதையெல்லாம் நிறுத்தினாளோ அதையெல்லாம் வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. முட்டை, பயறு, வேர்க்கடலை, கீரை. கேழ்வரகுக்கு மட்டும் தான் போகாமல் என்னை அனுப்பினாள். மூக்குத்திக்காரி என் முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தாள். அளந்து கொட்டிவிட்டு, "உங்கம்மாவுக்கு இல்ல, அந்தப் புள்ளைக்கு" என்று மேலே ஒரு கை அள்ளிப் போட்டாள்.

ஆனி பிறப்பதற்குள் தம்பி நடந்தான். வலி குறைந்து குறைந்து நின்றுவிட்டது. அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

"அவ போனா, எம்புள்ள பொழச்சான். அவ கைராசி அப்பிடி."

தெரு அதை நம்பியது. நைனாவும் நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு அக்காவைப் பார்க்க அவர் ஒருநாளும் ஊத்துக்கோட்டைக்குப் போகவில்லை. தம்பி பிழைத்தான், ஆனால் படிப்பு ஏறவே இல்லை. வாத்தியார்கள் அடித்தார்கள். அம்மா சோம்பேறி என்றாள். நைனாவுக்கும் சில வருஷத்தில் மணிக்கட்டு தொய்ந்து டம்ளர் தூக்க முடியாமல் போயிற்று. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனுஷனைக் குடிகாரன் என்று பேசினார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை ஊத்துக்கோட்டைச் சந்தைக்குப் போனேன். அங்கே அத்தையைப் பார்த்தேன். இளைத்துக் கறுத்திருந்தாள். தோளில் அதே பை. தேய்ந்து எழுத்தெல்லாம் போயிருந்தது, தையலில் மட்டும் மஞ்சள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, பைக்குள் கையை விட்டு ஒரு பிடி வேர்க்கடலை எடுத்து நீட்டினாள். கை நடுங்கிற்று.

"துன்னு. தம்பி எப்பிடி கீறான்?"

அவள் கையால் ஒன்றும் வாங்கித் தின்னக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். தம்பி நன்றாக இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவும் இல்லை. செத்த செய்தி மட்டும் வந்தது. யாரும் போகவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினேன். உங்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு பற்றிக் கூட்டம் நடக்கும், டீ கொடுப்பார்கள் என்று நாங்களும் போய் உட்காருவோம். சின்ன வயசு ஆபீசர் ஒருவர் திரையில் ஒரு சாக்குப் படம் காட்டினார். மஞ்சள் பொடி. பெயிண்ட்டுக்குப் போடுவது. அதில் ஈயம் இருக்கிறது, காலிச் சாக்கை யாரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பெரியவர்களை விடக் குழந்தைகளைத்தான் அதிகம் பாதிக்கும் என்றார். வயிற்றுவலி, மலச்சிக்கல், வெளுத்த முகம், படிப்பு ஏறாது என்று வரிசையாகச் சொன்னார். என் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொல்கிற மாதிரி இருந்தது. கடைசியில் இன்னொன்றும் சொன்னார். நன்றாகச் சாப்பிடுங்கள், கேழ்வரகு, கீரை, பயறு, முட்டை, இதெல்லாம் வயிற்றில் இருந்தால் ஈயம் உடம்பில் அவ்வளவாகச் சேராது, வெறும் வயிறாக இருந்தால் சீக்கிரம் சேர்ந்துவிடும் என்றார்.

என் கையில் டீ ஆறிப் போயிற்று. அந்தப் பிள்ளைக்கு எதெல்லாம் காவலாக இருந்ததோ, அதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொன்றாக வெளியே தள்ளியிருக்கிறோம். விஷத்தை மட்டும் பாயாக விரித்திருக்கிறோம். நாங்கள் திருடி என்று துரத்தியவள்தான் அதை வீட்டை விட்டுத் தூக்கிக்கொண்டு போனவள். தெரிந்து செய்யவில்லை, அம்மாவை வெறுப்பேற்றத்தான் செய்தாள். இருந்தாலும் மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது அவள்தானே.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்குப் பல வருஷம் ஆயிற்று. போன மாதம்தான் சொன்னேன். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள், கட்டிலை விட்டு இறங்குவதில்லை. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. பை, ஈயம், கேழ்வரகு, அத்தை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முழுதும் கேட்டாள்.

"அதத்தான நானும் அப்பவே சொன்னேன்" என்றாள். "அவ போனா, புள்ள பொழச்சான்."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனேன். கூழுக்கு உலை வைத்தேன். உலை கொதிக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏ பொண்ணு. அந்தப் பை இப்ப யாருகிட்ட கீது?"

எனக்குத் தெரியவில்லை. அத்தை செத்த பிறகு அந்தக் கூரைவீட்டை யார் காலி செய்தார்கள், ஆணியில் தொங்கியதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டு வைக்க யாரும் போகவில்லை. நைலான் மக்காது. அது இன்னமும் எங்கேயோ, யாருடைய அரிசியையோ கேழ்வரகையோ சுமந்துகொண்டு இருக்கும்.

அதனால்தான் அந்த இரும்பு நாற்றம் வருகிறதா என்று முகர்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் முகர்வேன். சிரிப்பதானால் கொஞ்சம் தள்ளி நின்று சிரியுங்கள்.